பாட்டியின் பச்சிலையே!

(தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘பல்லைக் காக்கப் பெரிதும் துணை நிற்பது பாட்டியின் பச்சிலையா? பட்டணத்துப் பற்பசையா?’ இதில் ‘பாட்டியின் பச்சிலையே’ என்ற அணியில் பேசியது.)

மாண்பமை நடுவர் அவர்களே! மாற்றணியிலே அமர்ந்து பளிச்சென்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! ஒரு கையில் தீபாவளிப் பலகாரமும் மறு கையில் ரிமோட்டுமாக வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

நடுவர் அவர்களே! இந்தத் தலைப்பை இன்னைக்கு வச்ச தைரியத்துக்கே உங்களைப் பாராட்டணும். வருஷத்துல 365 நாள் இருக்கு. அதுல ஊரே உக்காந்து அதிரசமும் லட்டும் மைசூர்பாகும் தின்னுக்கிட்டிருக்கிற நாளாப் பாத்து, ‘பல்லைக் காப்பது எது?’ன்னு கேட்டீங்களே! கல்யாணப் பந்தியில நின்னுக்கிட்டு, ‘கடன் எவ்வளவு வாங்கினீங்க?’ன்னு பொண்ணப் பெத்தவரைக் கேக்கிற மாதிரில்ல இருக்கு! (சிரிப்பு)

எனக்கு முன்னாடி பேசின எதிரணிச் சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. “குச்சியை மென்னா சொத்தை வராதுன்னா, ஊருக்கு ஊர் பல் ஆஸ்பத்திரி எதுக்கு?”ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. அதே கேள்வியை நான் திருப்பிக் கேக்கிறேன். பேஸ்ட் போட்டுத் தேச்சா சொத்தை வராதுன்னா, ஊருக்கு ஊர் பல் ஆஸ்பத்திரி எதுக்கு சகோதரி? (கைதட்டல்) இன்னைக்குப் பேஸ்ட் இல்லாத வீடு எங்கே இருக்கு? சொத்தைப் பல் இல்லாத வீடுதான் எங்கே இருக்கு?

ஆகவே நடுவர் அவர்களே, எதிரி யாருன்னு தெரியாம ஆயுதத்தைப் பத்திச் சண்டை போடறதுல அர்த்தமில்லை. முதல்ல எதிரியைப் பார்ப்போம்.

எங்க அப்பத்தா சொத்தைப் பல்லை, ‘பூச்சிப் பல்’லுன்னுதான் சொல்லும். பல்லுக்குள்ள ஒரு பூச்சி இருந்து குடையுதுன்னு நம்பிக்கை. கண்டங்கத்திரி விதையை நெருப்புல போட்டு, அந்தப் புகையை வாயில பிடிச்சா பூச்சி விழுந்துடும்பாங்க. இது நம்ம ஊர் நம்பிக்கை மட்டும்னு நினைக்காதீங்க. ஐரோப்பாவிலேயும் ஹென்பேன்னு ஒரு செடியோட விதையை எரிச்சுப் புகை பிடிச்சாங்க. சூட்டுல விதை வெடிச்சு உள்ளே இருக்கிற வெள்ளை முளை வெளியே வரும். அதைக் காட்டி, “இதோ பார், உன் பல்லுப் புழு!”ன்னு காசு வாங்கினாங்க. பாரிஸ் நகரத்துப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார், 1728-ல தான் எழுதின நூல்ல, பல்லுல புழு கிடையாது, சர்க்கரையைக் கவனிங்கன்னு சொன்னாரு. 1890-ல, பெர்லின்ல வேலை பார்த்த மில்லர்ங்கிற அமெரிக்கப் பல் மருத்துவர், வாயில இருக்கிற கிருமிகள் நாம தின்ற மாவையும் சர்க்கரையையும் புளிக்க வச்சு அமிலம் உண்டாக்குது, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்குதுன்னு விளக்கினாரு. 1924-ல, இங்கிலாந்துல கிளார்க்ங்கிறவர், சொத்தைப் பல்லுல இருந்து ஒரு கிருமியைப் பிரிச்செடுத்துப் பேர் வச்சாரு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்!

பேரைச் சொல்றதுக்குள்ள பல்லு சுளுக்கிக்குது! (சிரிப்பு) நாம ‘மியூட்டன்ஸ்’னு சுருக்கமாவே வச்சுக்குவோம். சொத்தைக்குக் காரணமான கிருமி இவன் ஒருத்தன் மட்டும் இல்லை. கூட்டாளிங்க இருக்காங்க. ஆனா கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி பேர் எடுத்தவன் இவன்தான்.

இவன் என்ன செய்யறான்? ரெண்டு வேலை. நாம தின்ற சர்க்கரையைத் தின்னு அமிலம் கக்கறது ஒண்ணு. அதே சர்க்கரையை வச்சுப் பசை காய்ச்சறது ரெண்டாவது. எதிரணி நண்பர்கள் பற்பசை பற்பசைன்னு பேசறாங்க. உண்மையான ‘பல் பசை’யைக் காய்ச்சறவன் மியூட்டன்ஸ்தான்! அந்தப் பசையால பல்லோட ஒட்டிக்கிட்டு, அதுமேல தன் சொந்தபந்தங்களையும் குடி வைக்கிறான். காலையில எந்திரிச்சு நாக்கால பல்லைத் தடவினா மாவு பூசின மாதிரி ஒரு வழவழப்பு தெரியுதே, அதுதான் அவங்க குடியிருப்பு. வாயில அமிலம் கூடி, அமிலக் கணக்கு 5.5-க்குக் கீழே இறங்கினா, பல்லோட மேல் பூச்சான எனாமல் கரைய ஆரம்பிச்சுடும். நாம ஒரு லட்டைப் போட்டா சில நிமிஷத்துலயே அது இறங்கிடும். பிறகு நம்ம எச்சில் பாவம், அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை பாடுபட்டு அதைப் பழையபடி மேலே கொண்டுவருது. அதுக்குள்ள நாம என்ன செய்யறோம்? அடுத்த லட்டு! (சிரிப்பு, கைதட்டல்)

எனாமல் நம்ம உடம்புலயே ரொம்பக் கடினமான பொருள். ஆனா அதுக்கு ஒரு சோகம் இருக்கு. தோல் கிழிஞ்சா ஆறும், எலும்பு முறிஞ்சா கூடும். எனாமல்ல ஓட்டை விழுந்தா விழுந்ததுதான். திரும்ப வளராது. ஏன்னா அதைக் கட்டின செல்கள் பல் முளைக்கிறபோதே போயிடுது. வீட்டைக் கட்டி முடிச்சதும் கொத்தனார் ஊருக்குப் போயிட்டாரு. திரும்ப வரமாட்டாரு! இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க. கடைசியில இதுக்குத் திரும்ப வருவேன்.

இப்போ பாட்டியோட பச்சிலைக்கு வர்றேன்.

ஆலையும் வேலையும் பல்லோட சேத்துச் சொன்ன பழமொழி எல்லாருக்கும் தெரியும். ஆலும் வேலும்னா என்ன? ஆல்ங்கிறது ஆலமரம், அதோட விழுது. வேல்ங்கிறதை நிறையப் பேர் வேப்பமரம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். நான் தமிழ் வாத்தியார், இந்த இடத்துல விட்டுக்கொடுக்க முடியாது! வேம்பு வேற, வேல் வேற. வேல்னா வேலமரம், கருவேல மரம். அதுக்காக ரோட்டோரத்துல காடா மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை ஒடிச்சு வாயில வச்சுடாதீங்க. அது வெளிநாட்டுல இருந்து வந்தது, பேரை மட்டும் வாங்கிக்கிட்டது.

ஆலம்விழுதையும் வேலங்குச்சியையும் ஏன் சேத்துச் சொன்னாங்க? ரெண்டும் துவர்ப்பு. துவர்ப்புக்குக் காரணம் டானின்னு இன்னைக்கு விஞ்ஞானம் சொல்லுது. டானினோட குணம் என்னன்னா, புரதத்தைக் கண்டா போய் ஒட்டிக்கும். மியூட்டன்ஸ் பசை காய்ச்சறதுக்கு வச்சிருக்கிற நொதி இருக்கே, அதுவும் ஒரு புரதம்தான். தேயிலையில இருக்கிற துவர்ப்புச் சத்தான கேட்டச்சின், அந்தப் பசை காய்ச்சற நொதியைத் தடுக்குதுன்னு ஆய்வுக்கூடத்துல காட்டியிருக்காங்க. கிருமியைக் கொல்றதுக்கு முன்னாடியே, அவனோட அடுப்பை அணைக்கிற வேலை இது!

எதிரணி நண்பர் ஒரு பாட்டிலைக் காட்டினாரு. “வாய் கொப்பளிக்கிற மருந்து, பட்டணத்து விஞ்ஞானம், முப்பது விநாடியில கிருமி காலி”ன்னாரு. நான் அந்தப் பாட்டிலுக்குப் பின்னாடி பொடி எழுத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் படிச்சேன். இந்த வகையில ரொம்பப் பழைய லிஸ்டரின், 1879-ல அமெரிக்காவுல பிறந்தது. அதுல இருக்கிற முக்கியமான சரக்கு நாலு: தைமால், யூக்கலிப்டால், மென்தால், மெத்தில் சாலிசிலேட். தைமால் எங்கே இருக்கு? நம்ம அஞ்சறைப் பெட்டியில ஓமத்துல இருக்கு! யூக்கலிப்டால் தைலமரத்துல இருக்கு. மென்தால் புதினா வகையில இருக்கு. ஆக, பட்டணத்துப் பாட்டிலைத் திறந்தா உள்ளே இருந்து வர்றது யாரு? எங்க அப்பத்தா! (பலத்த கைதட்டல்)

பல் டாக்டர்கிட்ட போறீங்க. அந்த அறைக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வாசனை வருதே, அது என்ன? கிராம்பு! கிராம்புல இருக்கிற யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோட குழைச்சுத் தற்காலிகமா அடைக்கிற பழக்கம் பல் மருத்துவத்துல நூறு வருஷத்துக்கு மேல உண்டு. அரபு நாடுகள்ல மிஸ்வாக்னு ஒரு குச்சி. அந்த மரம் நமக்குப் புதுசு இல்லை, சங்கத் தமிழ்ல ‘உகாய்’னு பேர் இருக்கு. அது புழங்குற நாடுகள்ல அந்தக் குச்சியை ஊக்கப்படுத்தலாம்னு உலக சுகாதார நிறுவனமே 1980-களில் சொல்லியிருக்கு.

இன்னொண்ணு கேளுங்க, தாய்மார்கள் அசந்துடுவீங்க. பல்லுக்கு நல்லது செய்யற குச்சி மிட்டாய்! அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சீன அதிமதுர வேர்ல இருந்து மியூட்டன்ஸை அடக்கற ஒரு பொருளைப் பிரிச்செடுத்து 2006-ல அறிவிச்சாங்க. அந்த வேரோட சாரத்தைச் சேத்து, சர்க்கரையே இல்லாம ஒரு குச்சி மிட்டாய் செஞ்சு, சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. சப்பின பிள்ளைங்க வாயில மியூட்டன்ஸ் எண்ணிக்கை குறைஞ்சுதாம். சீன அதிமதுரம் யாரு? தொண்டை கட்டினா நாங்க பேச்சாளருங்க வாயில அடக்கிக்கிற நம்ம அதிமதுரத்துக்குக் கூடப் பிறந்த தங்கச்சி! அதுக்காக அதிமதுரத்தை அளவில்லாம தின்னுடாதீங்க, ரத்தக்கொதிப்பு ஏறிடும். (சிரிப்பு)

நம்ம சென்னையிலயும் ஆய்வு நடந்திருக்கு. 2008-ல ஒண்ணு வெளிவந்தது. 20 பையன்கள். பத்துப் பேர் நல்லெண்ணெய் கொப்பளிச்சாங்க, பத்துப் பேர் குளோரெக்சிடின்ங்கிற மருந்தைக் கொப்பளிச்சாங்க. ரெண்டு பக்கமும் பல்லுல ஒட்டியிருந்த மியூட்டன்ஸ் குறைஞ்சுது.

இப்போ எதிரணித் தலைவர் சிரிக்கிறாரு. எதுக்குச் சிரிக்கிறார்னு எனக்குத் தெரியும். “20 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சியா? மூணு கபடி டீமுக்கே ஒரு ஆள் குறையுதே!”ன்னு கேக்கப் போறாரு. (சிரிப்பு) ஐயா, நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே ஒத்துக்கறேன். இருபது பேர் போதாது. அது மட்டும் இல்லை, இந்த ஆய்வுகள் எல்லாம் எண்ணினது கிருமியை. ஓட்டையை எண்ணலை. கிருமி குறைஞ்சுதுங்கிறது ஒரு செய்தி, சொத்தை விழலைங்கிறது வேற செய்தி. கண்ணாடிக் குடுவையில கிருமியையும் பச்சிலைச் சாறையும் அடைச்சு வச்சா, கிருமிக்கு ஓட இடம் கிடையாது. வாயில அப்படியா? நிமிஷத்துக்கு நிமிஷம் எச்சில் ஊறிச் சாறைக் கழுவிட்டுப் போயிடும். கிருமியோ பசைக்குள்ள போர்வை போத்திக்கிட்டுப் படுத்திருக்கும். குடுவையில ஜெயிச்சதெல்லாம் வாயில ஜெயிக்கும்னு சொல்ல முடியாது.

“என்னய்யா இது, எந்த அணிக்குப் பேசறே?”ன்னு நடுவர் பார்க்கிறாரு. இருங்கய்யா, வர்றேன்.

நடுவர் அவர்களே, இனிமே நான் சொல்லப் போறது புத்தகத்துல படிச்சது இல்லை. என் வீட்டுல நடந்தது. இதுவரைக்கும் எந்த மேடையிலயும் சொன்னதில்லை.

2005-ஆம் வருஷம். என் மகளுக்கு ஒன்பது வயசு. நான் அப்பத்தான் ஊர் ஊராப் பட்டிமன்றத்துக்குப் போக ஆரம்பிச்ச நேரம். போன ஊர்ல இருந்து வெறுங்கையோட வீட்டுக்கு வரமாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போனா பால்கோவா. கோவில்பட்டி போனா கடலைமிட்டாய். திருநெல்வேலி போனா அல்வா. ராத்திரி வந்து பையை வைப்பேன், காலையில பிள்ளை எந்திரிச்சதும் பல் விளக்கறதுக்கு முன்னாடி அந்தப் பையைத்தான் பிரிக்கும். எனக்கு அதைப் பார்க்கிறதுல ஒரு சந்தோஷம். வீட்டுல இல்லாத தகப்பன், அந்தக் கடனை மிட்டாயா அடைக்கிறான்!

ஒருநாள் பிள்ளை, கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்குதுன்னு அழுதுச்சு. என் மனைவி, “என்னங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவோமே”ன்னு சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும். எங்க அப்பத்தா எந்தப் பல் டாக்டரைப் பார்த்துச்சு? கிராம்புத் தைலம் வை.” மேடையில ஆலும் வேலும்னு பேசற வாய் இல்லையா, அது வீட்டுலயும் பேசிடுச்சு.

பஞ்சுல கிராம்புத் தைலத்தைத் தொட்டு வச்சோம். வலி நின்னுச்சு. மறுபடி வந்துச்சு. மறுபடி வச்சோம். இப்படி மூணு வாரம். அப்புறம் ஒருநாள் வலி சுத்தமா நின்னுபோச்சு. எனக்குப் பெருமை தாங்கலை. காலேஜ்ல ஆசிரியர் அறையில உக்காந்து, “பாருங்க சார், அஞ்சு ரூபாய் கிராம்பு, பல்லுக்கு வைத்தியம் முடிஞ்சுது”ன்னு பேசினேன்.

பத்து நாள் கழிச்சு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல். விடியறப்போ கன்னம் வீங்கி, ஒரு கண்ணு பாதி மூடியிருந்துச்சு. தூக்கிக்கிட்டு ஓடினேன். அந்த டாக்டரம்மா பார்த்துட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க. இருபது வருஷமாச்சு, இன்னும் காதுல இருக்கு. “சார், வலி நின்னது குணமானதால இல்லை. பல்லுக்குள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு, அதனால நின்னுச்சு. உள்ளே சீழ் வச்சுப் பரவியிருக்கு.” நான், “பால் பல்லுதானேம்மா?”ன்னு கேட்டேன். “இல்லை சார். இது ஆறு வயசுல, பால் பல் எதுவும் விழாமலே, அதுக்குப் பின்னாடி புதுசா முளைக்கிற பல். நிலையான பல். நிறையப் பெத்தவங்க இப்படித்தான் ஏமாந்துடறாங்க.”

சீழை எடுத்து, மருந்து கொடுத்து, பிள்ளையைக் காப்பாத்திட்டாங்க. பல்லைக் காப்பாத்த முடியலை. (அவையில் அமைதி)

நடுவர் அவர்களே, கிராம்பு பொய் சொல்லலை. கிராம்பு வலியை மரத்துப்போக வைக்கும்னு சொல்லுச்சு, செஞ்சு காட்டுச்சு. ‘ஓட்டையை அடைப்பேன்’னு அது எப்பவும் சொன்னதே இல்லை. நான்தான் அது சொல்லாததைச் சொன்னதா எடுத்துக்கிட்டேன். வீட்டுக்குள்ள திருடன் புகுந்துட்டான், நாய் குரைக்குது. நான் திருடனைப் பிடிக்காம நாயோட வாயைக் கட்டிட்டேன். அப்புறம், “பாத்தீங்களா, சத்தமே இல்லை, திருடன் போயிட்டான்”னு பெருமை பேசினேன்!

நான் முன்னாடி சொன்னேனே, கொத்தனார் ஊருக்குப் போயிட்டாருன்னு. பல்லுல ஓட்டை விழுந்துட்டா வேம்பும் அடைக்காது, வேலும் அடைக்காது, பேஸ்ட்டும் அடைக்காது. பல் மருத்துவர் ஒருத்தர்தான் அடைக்கணும்.

அப்போ எங்க அப்பத்தாவுக்கு எப்படிச் சாகிற வரைக்கும் முறுக்குக் கடிக்கிற பல்லு இருந்துச்சு? இதை நான் யோசிச்சிட்டே இருந்தேன். பதில் சொன்னது யார் தெரியுமா? என் மகள்தான். காலேஜ் படிக்கிறப்போ ஒருநாள் சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு: “அப்பா, நீங்க அப்பத்தாகிட்ட இருந்து கிராம்பை மட்டும் எடுத்துக்கிட்டீங்க. அப்பத்தாவை எடுத்துக்கலை.”

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ‘பச்சிலையா’ன்னு மட்டும் நீங்க கேக்கலை. ‘பாட்டியின் பச்சிலையா’ன்னு கேட்டீங்க. முதல் சொல் பாட்டி!

எங்க அப்பத்தா என்ன செய்யும்? விடியக்காலை எந்திரிச்சு வேலங்குச்சியை ஒடிக்கும். மெல்ல மெல்ல, நுனி பூவா விரியும். அதை வச்சு ஒவ்வொரு பல்லா, மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கிட்டே, கால்மணி நேரம் தேய்க்கும். நாம எவ்வளவு நேரம் தேய்க்கிறோம்? ஒரு கையில பிரஷ், இன்னொரு கையில செல்போன், ஒரு நிமிஷத்துல ‘த்தூ!’ (சிரிப்பு) கசப்பும் துவர்ப்பும் பட்டு வாயில எச்சில் ஊறும். அந்த எச்சில்தான் அமிலத்தைக் கழுவற கங்கை. தேச்சு முடிச்சுக் குச்சியை ரெண்டாப் பிளந்து நாக்கை வழிச்சுத் தூக்கிப் போட்டுடும். தினம் ஒரு புது பிரஷ்! நம்ம வீட்டுப் பிரஷ் பல் தேச்சு ஓய்வு பெற்று, அப்புறம் தலைக்குச் சாயம் அடிச்சு, கடைசியா தையல் மெஷினைத் துடைக்கிற வரைக்கும் உழைக்குது. (பலத்த சிரிப்பு)

அதோட நின்னுச்சா? எதைத் தின்னாலும், “வாயைக் கொப்பளிச்சிட்டு வா ராசா”ன்னு சொல்லும். பலகாரம் செஞ்சா சோத்தோட சேத்து இலையில வைக்கும், டப்பாவைத் திறந்து போட்டு நாள் பூராக் கொறிக்க விடாது. “கண்ட நேரத்துல என்னடா வாய் மெல்றது?”ன்னு கேக்கும். இந்த ஒரு வார்த்தையோட விலை என்ன தெரியுமா? ஸ்வீடன் நாட்டுல, லுண்ட் நகரத்துல, வீப்பேஹோல்ம்னு ஒரு மனநலக் காப்பகம். 1940-களோட பிற்பகுதியில, அங்கே இருந்த பாவப்பட்ட ஜனங்களுக்கு ஒட்டுற மிட்டாயைக் கொடுத்துக் கொடுத்து, பல் சொத்தையாகுதான்னு சோதிச்சாங்க. அவங்ககிட்ட சம்மதம்கூடக் கேக்கலை. இன்னைக்கு அப்படி ஒரு சோதனையை யாரும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 1954-ல முடிவு வெளிவந்துச்சு. சாப்பாட்டோட சேத்துத் தின்ற சர்க்கரையை விட, சாப்பாட்டுக்கு இடையில இடையில தின்ற, பல்லுல ஒட்டிக்கிற மிட்டாய்தான் பல்லை அதிகமா அழிச்சுதுன்னு. அத்தனை பேர் பல்லைப் பலி கொடுத்து எழுதின முடிவை, எங்க அப்பத்தா திண்ணையில உக்காந்து ஒரு வரியில சொல்லிடுச்சு: கண்ட நேரத்துல வாய் மெல்லாதே! (நீண்ட கைதட்டல்)

வள்ளுவர் ‘மருந்து’ன்னு அதிகாரம் எழுதினாரு. பத்துக் குறள்ல பாதிக்கு மேல எதைப் பத்திப் பேசறாரு? சாப்பாட்டு அளவைப் பத்திப் பேசறாரு. மருந்துங்கிற தலைப்புல மருந்துக்கு முன்னாடி வாயைக் கட்டச் சொன்னவர் அவர். எங்க அப்பத்தா குறள் படிச்சது இல்லை. ஆனா அப்படித்தான் வாழ்ந்துச்சு.

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடிச்சுட்டீங்க. ரெண்டே நிமிஷம் ஐயா.

எதிரணிக்கு ஒரு நியாயம் செஞ்சுட்டுப் போறேன். பேஸ்ட்டுல உண்மையிலேயே பல்லைக் காக்கிறது நுரையும் இல்லை, வாசனையும் இல்லை. ஃப்ளோரைடு. அது எனாமலுக்குப் பலம் கொடுக்குதுங்கிறதுல எனக்குச் சந்தேகம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல ஃப்ளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேத்துடுச்சு. அளவு மீறினா அதுவும் ஆகாதுன்னு நம்ம தர்மபுரி மாவட்டத்துத் தண்ணி நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. ஃப்ளோரைடு கூடின தண்ணியைக் குடிச்சுப் பிள்ளைங்க பல்லுல காவி படிஞ்சுதுன்னுதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. அளவோட தேச்சுத் துப்பினா நல்லதுதான். என் வீட்டுக் குளியலறையிலயும் இன்னைக்கு அந்தப் பேஸ்ட் இருக்கு. மறைக்க மாட்டேன்.

ஆனா பேஸ்ட் மதிலுக்குப் பூச்சுப் பூசும். மதிலுக்கு வெளியே நாள் முழுக்க எதிரிக்குச் சோறு போட்டுக்கிட்டிருந்தா, எந்த மதில் நிக்கும்? சோத்தை நிறுத்தினவ எங்க பாட்டி!

கடைசியா தாய்மார்களுக்கு நாலு வார்த்தை. குச்சியில தேய்க்கிறவங்க தாராளமாத் தேயுங்க, ஈறு கிழியாம மெதுவாத் தேயுங்க. செங்கல் பொடி, சாம்பல், உமிக்கரி வேண்டாம். அது கிருமியோட சேத்து எனாமலையும் தேச்சுடும். கிராம்புத் தைலத்தைக் குழந்தைங்க கைக்கு எட்டற இடத்துல வைக்காதீங்க, முழுங்கினா ஆபத்து. பெரியவங்களுக்கு ஒரு ராத்திரி வலிக்கு அது துணை. அடுத்த நாள் காலையில டாக்டர் வாசல்ல நிக்கணும். வலியோட கன்னம் வீங்கினா, காய்ச்சல் வந்தா, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீங்க. முக்கியமா, வலி தானா நின்னுட்டா சந்தோஷப்படாதீங்க. சந்தேகப்படுங்க.

நடுவர் அவர்களே! தலைப்பிலே நீங்க ‘பல்லைக் குணப்படுத்த’ன்னு கேக்கலை, ‘பல்லைக் காக்க’ன்னு கேட்டீங்க. காத்தல் வேற, தீர்த்தல் வேற. விழுந்த ஓட்டையைத் தீர்க்கிறவர் மருத்துவர். அவருக்கு என் இரண்டு கையையும் கூப்பறேன், என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவங்க அவங்க. ஆனா ஓட்டை விழாமக் காக்கிறது, காலையில துவர்ப்பையும், சாப்பிட்டதும் தண்ணியையும், கண்ட நேரத்துல கட்டுப்பாட்டையும் கையில வச்சுக்கிட்டு வாசல்ல காவல் நிக்கிற பாட்டி. அந்தப் பாட்டியின் கையில இருக்கிற வரைக்கும்தான் அது பச்சிலை. பாட்டியை விட்டுட்டு இலையை மட்டும் பறிச்சா, அது வெறும் தழை!

என் மகள் இன்னைக்கும் இடது பக்கமா மட்டும்தான் மெல்லும். அதைப் பார்க்கிறப்போ எல்லாம் எனக்கு இந்தப் பாடம் ஞாபகம் வரும். போன மாசம் அதுக்குக் குழந்தைக்கு முதல் பல் முளைச்சுது. ஊர்ல இருந்து வந்த நான் வழக்கம் போலப் பையை வச்சேன். பிரிச்சுப் பார்த்துச்சு. உள்ளே கொய்யாப்பழம்!

(சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே, பல்லைக் காக்கப் பெரிதும் துணை நிற்பது பாட்டியின் பச்சிலையே, பாட்டியின் பச்சிலையே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன். எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து. இனிப்பைச் சாப்பாட்டோட சாப்பிடுங்க, வாயைக் கொப்பளிங்க.